டோக்கன் கொடுப்பதற்கு முன்

பொள்ளாச்சி

அன்புள்ள அம்மிணிக்கு,

பெரியப்பா எழுதுவது.  

நேற்று ராத்திரி போனில் அந்த ஸ்விஃப்ட்டைப் பற்றிச் சொன்னாய். 2020 மாடல், பெட்ரோல், செகண்ட் ஓனர், 48,000 கிலோமீட்டர் ஓடியது, 5,60,000 சொல்கிறார்கள், எவ்வளவு குறைத்துக் கேட்கட்டும் என்றாய். ஒரு தொகையைச் சொல்லி போனை வைத்திருக்கலாம். ஆனால் வண்டியைப் பார்க்காமல் சொல்லும் தொகைக்குப் பின்னால் காரணம் இருக்காது. காரணமில்லாத தொகையை ஆட்டோ கன்சல்டிங்காரர் ஒரே நிமிஷத்தில் தட்டிவிடுவார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மறுபடி அவர் யார்டுக்குப் போவதற்குள் இதை நிதானமாகப் படி. மாப்பிள்ளைக்கும் படிக்கக் கொடு.

வாகனக் காப்பீட்டு சர்வேயராக வேலைக்காலம் முழுவதும் அடிபட்ட வண்டிகளைப் பார்த்தவன் நான். அதே வண்டிகளில் சில டிங்கரிங் முடிந்து, பெயிண்ட் அடித்து, பாலிஷ் போட்டு யார்டில் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். விற்பவருக்குத் தெரிந்த சங்கதிகளில் எத்தனை வாங்குபவருக்கும் தெரிகிறதோ, அந்த அளவுக்குத்தான் விலை இறங்கும். நீ பொருளாதாரம் நடத்துகிறவள், உனக்கு இது புதிதில்லை. ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை பழைய கார் சந்தையை வைத்துத்தானே தொடங்குகிறது? விற்பவருக்கு வண்டியின் குணம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் பயந்துகொண்டு சராசரி விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க வரமாட்டார். 2001இல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த சிந்தனை அது. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதை ஞாயிற்றுக்கிழமை யார்டில் நின்று செய்து பார்.

நம் ஊர் மாட்டுச் சந்தைக்கு உன் அப்பா உன்னைக் கூட்டிப்போனது நினைவிருக்கும். தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை நீ கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாய். விரலைப் பிடிப்பதற்கு முன் அவர்கள் செய்ததை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், நடக்கவிட்டுப் பார்த்தார்கள், சுழி பார்த்தார்கள், எந்த ஊர் மாடு என்று விசாரித்தார்கள். துண்டைப் போடும்போது விலை முக்கால்வாசி முடிவாகிவிட்டிருக்கும். காருக்கும் அந்த ஒழுங்குதான்.

முதலில் வண்டி எண்ணை வாங்கி எம்-பரிவாஹன் செயலியில் போட்டுப் பார். பதிவான தேதி, எந்த ஆர்.டி.ஓ., எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் இன்னும் ஆர்.சி.யில் நிற்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். அபராதச் சலான் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் பார்த்துக்கொள். கடன் முடிந்துவிட்டது என்று வாயால் சொல்வார்கள். வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35உம் கையில் இருந்தால்தான் ஆர்.சி.யிலிருந்து எச்.பி. என்ற அந்தக் கடன் குறிப்பை நீக்க முடியும். அவை இல்லாத வண்டிக்கு விலை பேசவே உட்காராதே. பாண்டிச்சேரிப் பதிவு, கர்நாடகப் பதிவு வண்டி ஏதாவது காட்டி விலை குறைவு என்றால், பழைய ஆர்.டி.ஓ.வின் தடையின்மைச் சான்றும், இங்கே மறுபதிவுக்குக் கட்டவேண்டிய வரியும் சேர்த்துக் கணக்குப் போடு. மலிவு பெரும்பாலும் அதிலேயே கரைந்துவிடும்.

அடுத்து இன்சூரன்ஸ் பாலிசி. என் தொழில் என்பதால் இதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பாலிசியில் என்.சி.பி. என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். கிளெய்ம் இல்லாமல் ஓடிய ஆண்டுகளுக்கு ஏற்ப அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். கிளெய்ம் வாங்கினால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யமாகிவிடும். இப்போதைய ஓனர் மூன்று நாலு வருஷமாக வைத்திருந்தும் பாலிசியில் பூஜ்யம் இருந்தால், ஏன் என்று கேள். கண்ணாடி உடைந்திருக்கலாம், பம்பர் இடித்திருக்கலாம், முன்பக்கம் முழுக்கவே நொறுங்கியிருக்கலாம். இது ஒரு துப்புதான், சாட்சி இல்லை. ஆனால் நீ அதைக் கேட்கும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார். இன்னொன்று, என்.சி.பி. ஆளைச் சேர்ந்தது, வண்டியைச் சேர்ந்ததில்லை. "இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்குதுங்க" என்று அதையும் விலையில் ஏற்றிப் பேசுவார்கள். பாலிசியை உன் பெயருக்கு மாற்றும்போது அந்தச் சலுகைத் தொகையை நீ கட்டவேண்டி வரும். ஆகவே அந்த எட்டு மாசத்துக்கு அவர் சொல்லும் மதிப்பு இல்லை.

பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி.யைக் காட்டிப் பேரம் பேசாதே என்றும் சொல்லிவைக்கிறேன். 4 வருஷம் தாண்டி 5 வருஷத்துக்குள் இருக்கும் வண்டிக்குப் புது விலையில் 50 சதவீதம் கழிப்பது காப்பீட்டுக்காக வைத்த கணக்கு. சந்தையில் மாருதி வண்டி அந்த அளவுக்கு இறங்குவதில்லை. அதைக் காட்டினால் உனக்குச் சந்தை தெரியாது என்று அவர் முடிவுகட்டிவிடுவார்.

சந்தை விலையை எப்படித் தெரிந்துகொள்வது? ஓ.எல்.எக்ஸ்., கார்ஸ்24, ஸ்பின்னி, ட்ரூ வேல்யூ எல்லாவற்றிலும் அதே வருஷம், அதே வேரியண்ட், அதே எரிபொருள், ஏறக்குறைய அதே ஓட்டம் உள்ள வண்டிகளைப் பார்த்து ஒரு நோட்டில் குறி. உங்கள் கோவை மட்டுமல்லாமல் திருப்பூர், ஈரோடு, சேலம் வரை பார். அங்கே போட்டிருப்பவை கேட்கும் விலைகள். கைமாறும் விலை அதற்குக் கீழே இருக்கும். பிறகு விற்பவர்போல அதே வண்டியின் விவரத்தைக் கொடுத்துப் பார். வாங்கும் நிறுவனங்கள் தோராயமாக என்ன கொடுக்கும் என்று சில தளங்கள் காட்டும். அந்தத் தொகையை ஒட்டித்தான் கன்சல்டிங்காரரும் வண்டியை எடுத்திருப்பார். அவர் எடுத்த விலைக்கும் மற்றவர்கள் கேட்கும் விலைக்கும் நடுவில் உள்ள இடம்தான் நீ பேச வேண்டிய இடம்.

இதோடு இன்னொரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஸ்விஃப்ட் மாதிரியான வண்டிகள் அந்த வகையில்தான் வருகின்றன. புது வண்டி விலை இறங்கியபின் பழைய வண்டிக்குப் பழைய விலையே சொல்வது நியாயமில்லை. புது ஸ்விஃப்ட்டின் இன்றைய ஆன்ரோடு விலையை ஷோரூமில் எழுதி வாங்கிக் கையில் வைத்துக்கொள். வாயைத் திறக்காமல் அந்தத் தாளை மேஜையில் வைத்தாலே பேச்சு மாறும்.

வண்டியைப் பார்க்க உனக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போ. அவர்கள் சிபாரிசு செய்யும் மெக்கானிக் வேண்டாம். காலையில் முதல் ஸ்டார்ட் நீங்கள் போன பிறகுதான் போட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. பானெட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் சற்று முன்னாடியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் பெயர்ந்திருந்தால் ஸ்பானர் பட்டிருக்கிறது. எல்லாக் கண்ணாடிகளின் மூலையிலும் தயாரிப்புக் குறி இருக்கும், ஒன்று மட்டும் வேறாக இருந்தால் மாற்றியது. சர்வீஸ் ஹிஸ்டரியைக் கன்சல்டிங்காரரையே எடுத்துத் தரச் சொல். 2023 சர்வீஸ் பில்லில் 61,000 என்று இருந்து இன்றைக்கு மீட்டர் 48,000 காட்டினால், அந்த இடத்தில் பேசுவதற்கு எதுவும் இல்லை, எழுந்து வந்துவிடு.

வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்குப் போய் வேலை பார்த்த சர்வேயர்களில் நானும் ஒருவன். பேஸ்மெண்டில் கூரை வரை மூழ்கிக் கிடந்த கார்களைப் பார்த்தேன். பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு நஷ்டமாக எழுதிவிடுவோம். அப்படி எழுதிய வண்டிகளை ஏலத்தில் எடுப்பவர்கள் உண்டு. எல்லாமே உடைப்புக்குப் போவதில்லை. கழுவி, சீட் மாற்றி, வாசனை அடித்து வேறு ஊரில் விற்றுவிடுவதும் நடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மறுபடி சென்னை மூழ்கியது. ஆகவே சென்னைப் பக்கத்துப் பதிவு வண்டி என்றால் சீட் பெல்ட்டை மெதுவாகக் கடைசிவரை இழுத்துப் பார். சுத்தம் செய்கிறவர்கள் வெளியே தெரியும் பெல்ட்டைத்தான் துடைப்பார்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு அப்படியே படிந்திருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் மோந்து பார். டாஷ்போர்டுக்கு அடியில் வயர் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல். அப்படி ஒரு வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதே. குழந்தையை வைத்துக்கொண்டு ராத்திரியில் வாளையாறு தாண்டி நின்றுபோகிற வண்டிக்குத் தள்ளுபடி என்ன வேண்டியிருக்கிறது?

இப்போது பேரத்துக்கு வருகிறேன். எங்கள் எதிர்வீட்டு ஆசிரியர் போன வருஷம் கார் வாங்கியபோது துணைக்கு என்னைக் கூட்டிப்போனார். அன்றைக்கு அவர் பேசியதைவிட நன்றாகப் பேசியவரை நான் பார்த்ததில்லை. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

யார்டுக்காரர் மரியாதையானவர். காபி வரவழைத்தார். உட்கார்ந்ததும், "சார், உங்க பட்ஜெட் எவ்வளவுங்க?" என்றார். எல்லா இடத்திலும் முதல் கேள்வி இதுதான். நீ ஒரு தொகையைச் சொன்னால் வண்டியின் விலை அங்கே போய் நின்றுகொள்ளும். ஆசிரியர் சொல்லவில்லை. "வண்டிக்கு ஏத்த விலைங்க. நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன்" என்றார். 5,25,000 என்று பதில் வந்தது. ஆசிரியர் அதற்குப் பதில் சொல்லாமல் வெளியே வந்து டயருக்குப் பக்கத்தில் குனிந்தார். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின்னிரண்டு வருஷம். நாலு டயரிலும் 2319 என்று இருந்தது. 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம். "ட்ரெட் நல்லா இருக்குதுங்களே" என்றார் யார்டுக்காரர். "இருக்குதுங்க. ஆனா ரப்பர் இறுகிப்போச்சு. மழையில பிரேக் பிடிக்காது. டயர் கடையில கேட்டு எழுதி வாங்கிட்டு வந்திருக்கேன்" என்று சட்டைப் பையிலிருந்து எஸ்டிமேட் சீட்டை எடுத்து நீட்டினார் ஆசிரியர். 20,000 ரூபாயை ஒட்டி இருந்தது. அடுத்து முன்பக்க சஸ்பென்ஷனில் வந்த சத்தம், அதற்கு மெக்கானிக் சொன்ன தொகை. அடுத்து அதே மாடலுக்குத் திருப்பூரில் ஒருவர் கேட்ட விலை. மூன்றையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் தன் தொகையைச் சொன்னார்: 4,57,000. அந்த 7,000ஐக் கவனி. 4,50,000 என்று முழுசாகச் சொல்லியிருந்தால் வாய்க்கு வந்ததைக் கேட்கிறார் என்று எதிராளி நினைத்திருப்பார். கணக்குப் போட்டு வந்த தொகை என்பது அந்த 7,000இல் தெரிந்தது. "அய்யோ, கட்டாதுங்க சார், எடுத்த விலையே அதுக்கு மேலங்க" என்றார் யார்டுக்காரர். ஆசிரியர் சும்மா இருந்தார். அந்த மௌனத்தை நாமே கலைத்து, "சரி, ஒரு பத்தாயிரம் சேர்த்துக்கலாமா" என்று கேட்டுவிடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். ஆசிரியர் காபியைக் குடித்து முடித்தார். யார்டுக்காரர் பார்ட்னருக்கு போன் போட்டார், கால்குலேட்டரைத் தட்டினார், 5,05,000 என்றார். ஆசிரியர் 4,68,000 என்றார். அடுத்த முறை அவர் ஏற்றியது அதிலும் குறைவு. ஒவ்வொரு தடவையும் ஏற்றும் தொகை சுருங்கிக்கொண்டே வந்தால், இவர் எல்லைக்கு வந்துவிட்டார் என்று எதிராளிக்குத் தானாகப் புரியும். கடைசியில் பெயர் மாற்றச் செலவு, ஒரு சர்வீஸ், இரண்டாவது சாவி எல்லாம் அவர் பொறுப்பு என்று 4,82,000க்கு முடிந்தது. ஒருமுறைகூட ஆசிரியர் குரலை உயர்த்தவில்லை. வண்டியை மட்டம் தட்டிப் பேசவும் இல்லை. "நல்லா வெச்சிருக்கீங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

இந்தக் கடைசி விஷயம் எனக்கு முக்கியம். யார்டுக்காரரும் பிழைக்க வேண்டும். வண்டிக்குப் பணம் போட்டிருக்கிறார், அந்தப் பணத்துக்கு வட்டி ஓடுகிறது, இடத்துக்கு வாடகை, கழுவுகிற பையனுக்குச் சம்பளம். அவருக்கு ஒன்றுமே மிஞ்சாத விலைக்குக் கொண்டுபோய் நிறுத்த நினைக்காதே. அப்படி நிறுத்தினால் பேப்பர் வேலையில் இழுத்தடிப்பார். அவர் சுமையைப் புரிந்துகொண்டால் உனக்கு நல்ல நேரமும் தெரியும். வண்டி யார்டுக்கு எப்போது வந்தது என்று பேச்சோடு பேச்சாகக் கேள். இரண்டு மாசமாக நிற்கும் வண்டியை அனுப்பிவிட அவருக்கே அவசரம் இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் நம் சனங்கள் வண்டி எடுக்கமாட்டார்கள். அப்போது யார்டு காலியாக இருக்கும், பேச்சுக்கு இடமும் இருக்கும். ஆயுத பூஜைக்கு முந்தின வாரத்தில் போய்க் குறைக்கச் சொன்னால் குறையாது. உங்களுக்கு நாள், நட்சத்திரம் கட்டாயம் என்றால் பேசி முடிப்பதை முன்பே முடித்துக்கொண்டு, வண்டி எடுப்பதை மட்டும் நல்ல நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் "லாஸ்ட் ரேட் என்னங்க" என்று கேட்காதே. வண்டியைப் பார்க்காதவருக்கு யாரும் கடைசி விலை சொல்வதில்லை. குழந்தையைக் கூட்டிப்போகாதே. அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்து "அம்மா, இதுதான் வேணும்" என்றால் அதோடு பேரம் முடிந்தது. நீங்கள் இருவரும் போனால் ஒருவர் மட்டும் பேசுங்கள். நீ பேசு. பெண்பிள்ளை என்று மாப்பிள்ளை பக்கம் திரும்பியே பதில் சொல்வார்கள். மாப்பிள்ளை "அவங்கதான் வாங்கறாங்க, அவங்ககிட்ட பேசுங்க" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்ளட்டும்.

விலை, கடன், உங்கள் பழைய ஆல்ட்டோ, இந்த மூன்றையும் ஒரே பேச்சில் கலக்க விடாதே. பெரும்பாலான நஷ்டம் இந்தக் கலப்பில்தான் வருகிறது. "மாசம் எவ்வளவு கட்ட முடியும் மேடம்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லாதே, தவணையைக் குறைத்துக் காட்டி வருஷத்தைக் கூட்டிவிடுவார்கள். "8 சதவீதம்தாங்க வட்டி" என்பது பெரும்பாலும் ஃப்ளாட் வட்டி. 3,00,000 ரூபாய்க்கு 4 வருஷம் ஃப்ளாட் 8 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 96,000, மாசத் தவணை 8,250. குறையும் அசலுக்கு வங்கி போடும் கணக்கில் பார்த்தால் அது 14 சதவீதத்துக்கும் மேல். கடன் ஏற்பாடு செய்வதில் அவருக்குக் கமிஷன் உண்டு. முதலில் உன் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் கடனுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு போ. "விலை முடிஞ்சா நாளைக்கே முழுப்பணமும் அக்கவுண்ட்ல வந்துடும்" என்று நீ சொல்ல முடிந்தால், அந்தச் சொல்லுக்கே ஒரு பத்தாயிரம் இறங்கும்.

ஆல்ட்டோவைத் தனியாக விலை கேட்டு வை. வாங்கும் வண்டியில் குறைக்கிறேன் என்று சொல்லி ஆல்ட்டோவில் அமுக்குவார்கள். எக்ஸ்சேஞ்சில் விடுவதென்றால் பெயர் மாறாமல் விட்டுவிடாதே. பல கை மாறிய பிறகும் ஆர்.சி.யில் பெயர் இருந்தவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன விற்பனையாளர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்கவேண்டும் என்று மத்திய விதி வந்திருக்கிறது. அப்படிச் சான்று வைத்திருப்பவரிடம் வண்டியை ஒப்படைத்து, படிவம் 29சி மூலம் தகவல் கொடுத்துவிட்டால், அதன்பிறகு நடப்பதற்கு அவர்தான் பொறுப்பாளி. சான்று இருக்கிறதா என்று கேள். இருந்தால் காட்டுவார்.

ஜி.எஸ்.டி. என்று சொல்லி மொத்த விலையில் 18 சதவீதம் சேர்த்தால் ஏமாறாதே. 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடியபோது எடுத்த முடிவின்படி, பதிவு பெற்ற விற்பனையாளர் தன் லாபத்துக்குத்தான் 18 சதவீதம் கட்டுகிறார். 4,00,000க்கு எடுத்து 4,40,000க்கு விற்றால் 40,000க்கு வரி 7,200. அவ்வளவுதான். அதேபோல, "பில்லில் குறைத்துப் போட்டுக்கலாம், மீதியை ரொக்கமா குடுங்க" என்றால் சம்மதிக்காதே. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2017 முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதைவிட, நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் நீ கொடுத்ததற்குச் சாட்சி பில் மட்டும்தான்.

டோக்கன் அட்வான்ஸ் விஷயத்தில் அவசரப்படுத்துவார்கள். "சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க மேடம், ஒரு அஞ்சாயிரம் போட்டு வெச்சுக்கங்க" என்பார்கள். உண்மையாகவே பார்ட்டி வரலாம், வராமலும் போகலாம். கோவையில் ஸ்விஃப்ட்டுக்குப் பஞ்சமில்லை. இது போனால் இன்னொன்று வரும். டோக்கன் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ரசீதில் வண்டி எண், முடிந்த விலை, அதில் என்னென்ன அடக்கம், மெக்கானிக் பார்வையிலோ ஆவணத்திலோ குறை தெரிந்தால் முழுப்பணமும் திருப்பித் தரப்படும் என்ற வரி, நாலும் இருக்க வேண்டும். அந்த வரியை எழுத மறுத்தால் அது உனக்கு ஒரு தகவல்.

உன் வண்டிக்கு நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். அதே மாதிரி வண்டிகளுக்கு நானும் இன்று காலையில் பார்த்தேன். 5,25,000 முதல் 5,80,000 வரை கேட்கிறார்கள். டயர், பாலிசி மாற்றம், சின்னச் செலவுகள் கழித்து, செகண்ட் ஓனர் என்பதையும் வைத்துப் பார்த்தால், பெயர் உன் பெயருக்கு மாறி வண்டி வீட்டு வாசலுக்கு வரும்வரை எல்லாம் சேர்த்து 5,10,000 உன் எல்லை. 4,66,000இல் தொடங்கு. ஆனால் இது பார்க்காமல் போட்ட கணக்கு. மெக்கானிக் என்ன சொல்கிறாரோ அதை வைத்து இரண்டு தொகையையும் திருத்தி, வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன் நோட்டில் எழுதிவிடு. யார்டில் நின்றுகொண்டு அந்த எல்லையை மாற்றாதே. 5,12,000க்கு வந்து நின்றால்? "இரண்டாயிரத்துக்காக விடுவதா" என்று தோன்றும். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பு. போன் நம்பர் கொடுத்துவிட்டு வா. நீ கார் நிறுத்தத்தைத் தாண்டுவதற்குள் கூப்பிடலாம், நாலு நாள் கழித்தும் கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம். கூப்பிடாவிட்டால் அந்த விலைக்கு அவருக்குக் கட்டவில்லை என்று அர்த்தம். அதில் யார் மேலும் தப்பில்லை.

முடிந்துவிட்டால் படிவம் 29, 30இல் விற்பவர் கையெழுத்தும், ஆர்.சி.யில் உள்ளவரின் அடையாளச் சான்றும் இருக்கிறதா என்று பார்த்துப் பணத்தை அனுப்பு. வெற்றுப் படிவத்தில் நீ கையெழுத்துப் போடாதே. பெயர் மாற்றத்துக்கு வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும்; அதுவரை மூன்றாம் நபருக்கான காப்பு தொடரும், உன் வண்டிக்கு அடிபட்டால் கிளெய்ம் கிடைக்காமல் போகலாம். பெயர் மாற்றம் முடிந்து புது ஆர்.சி. வரும்வரை 10,000 ரூபாயாவது நிறுத்திவைக்கச் சம்மதமா என்று கேட்டுப் பார். நல்ல யார்டுக்காரர்கள் சம்மதிப்பார்கள்.

வண்டி எண்ணையும், பாலிசியின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன். நான் கூப்பிடும்வரை டோக்கன் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா